ஒரு காதுக்குப் பதினோரு இசைத்தட்டுகள்

கீழ்வீட்டுக்காரர் எங்கள் அழைப்புமணியை அடித்தபோது சனிக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடம். அதற்குமுன் அவர் எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்திருக்கிறார். மூன்றும் சண்டைக்கு.

அவர் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். முதல் மாடி அவருக்கு, நேர் மேலே இரண்டாம் மாடி எனக்கு. நாங்கள் பெருங்களத்தூருக்குக் குடிவந்த முதல் ஆறு ஆண்டுகளில் அவர் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் ஒரே வாசகம்: 'டிரம் கேட்கிறது. குறைக்கவும்.' வணக்கம், நன்றி எதுவும் கிடையாது. கடைசியில் சங்கக் கூட்டத்தில் விதியாகவே கொண்டுவந்தார்: ஒரு வீட்டின் பாட்டு அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது. பதினாறு வீடுகளில் பதினைந்து கை தூக்கின. அன்று என் இரண்டு ஸ்பீக்கர்களையும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதன்பின் இரண்டு வருடமாக எனக்கு ஹெட்ஃபோன்தான்.

"உக்காருங்க சார். இப்ப சத்தம் எதுவும் வரலையே?" என்றேன்.

"வரலை. அதான் வந்தேன்."

அவர் உட்கார்ந்த விதத்தை அன்றுதான் கவனித்தேன். சோபாவின் இடது ஓரமாகப் பார்த்து, நான் அவருடைய வலது பக்கம் வரும்படி உட்கார்ந்தார். சங்கக் கூட்டங்களிலும் எப்போதும் அப்படித்தான் உட்காருவார் என்பது பிறகு ஞாபகம் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வானிலை அலுவலகத்தில் மூன்று மணிக்கு ஒருமுறை கருவிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தவன் நான். இது என் கண்ணில் படவில்லை.

"இடது காது எனக்கு ஏழு வயசுலயே போச்சு சார். டெலிபோன் இலாகாவுல முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியாது. டெலிபோனுக்கு ஒரு காது போதும்." கொஞ்சம் சிரித்தார். "இப்ப வலது காதுல உள்ள ஏதோ வளர்ந்து எலும்பை அரிக்குதாம். விட்டா மூளைப் பக்கம் போயிடுமாம். வர்ற வியாழன் இல்லை, அதுக்கு அடுத்த வியாழன் ஆபரேஷன். காது தங்குமான்னு கேட்டா டாக்டர் மேஜையைப் பாக்கறார்."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"பொண்ணு பக்திப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டுன்னு போன் நிறைய ஏத்திக் குடுத்திருக்கா. அதெல்லாம் மனசுல இருக்கு சார். காது போனாலும் அது ஓடும். ஆறு வருஷம் உங்க வீட்டுலேர்ந்து தரை வழியா என்னமோ பாதி பாதியா வந்துச்சே, அது என்னன்னே எனக்குத் தெரியலை. அது மட்டும்தான் என்கிட்ட இல்லை. ஒரு தடவை முழுசா கேட்டுடணும். எது எது கேக்கலாம்னு நீங்க சொல்லுங்க."

பதில் சொன்னது என் மனைவி. "காப்பி சாப்பிடுங்க. அதுக்குள்ள அவர் லிஸ்ட் போட்டுடுவார். லிஸ்ட்னா உசிர் அவருக்கு."

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஞாயிறு முதல் அடுத்த புதன் வரை பதினொரு நாள். அரை மணி, முக்கால் மணிக்கு மேல் ஹெட்ஃபோன் மாட்டினால் காது வலிக்கிறது என்று சொல்லியிருந்தார். ஒரு ரெக்கார்டு இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் நாற்பது நிமிடம். ஆக நாளுக்கு ஒன்று. பதினொன்று. மொத்தம் ஏழு மணி இருபது நிமிடம். ஒரு மனிதன் இனி கேட்கப்போவதை ஏழு மணி இருபது நிமிடத்தில் அடக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பவன் நான்.

என்னிடம் நூற்று எண்பத்தாறு ரெக்கார்டுகள் இருந்தன. பெரும்பாலும் ராக், மிச்சம் மேல்நாட்டு நாட்டுப்புறப் பாடல்கள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது பெட்டியில் இடமில்லாமல் விட்டுப்போனவை. முன்பு நாங்கள் இருந்த முடிச்சூர் வீட்டில் 2015 வெள்ளம் நாலடி ஏறியது. மழையை அளந்தே ஓய்வு பெற்றவன் வீட்டுக்குள் வந்த தண்ணீரையும் அளந்தேன். நூற்று நாற்பத்து மூன்று பிழைத்தன. அட்டைகள் கூழாகிவிட்டன, நடுவில் ஒட்டிய காகிதங்களும் உரிந்தன. ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சமையலறைப் பாத்திர ஸ்டாண்டில் தட்டு அடுக்குவதுபோல நிறுத்தி உலர்த்தி, வெள்ளை உறையில் போட்டு எண் எழுதினேன். அன்றிலிருந்து என் வீட்டில் அவற்றுக்கு எண்தான் பெயர். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எந்த மாதிரி ரெக்கார்டைத் தேடிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் வாசகருக்குப் போதும், பெயரைக் கடைக்காரர் சொல்வார்.

வரிசை எப்படி வைப்பது என்பது அடுத்த கவலை. மெதுவானதில் தொடங்கிச் சத்தமானதில் முடிப்பதுதான் முறை. ஆனால் மருத்துவமனையிலிருந்து தேதியை முன்னால் தள்ளிவிட்டால்? அதனால் சிறந்ததை முதலில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, எண் 63.

எண் 63 நான்கு பேர் சேர்ந்த ராக் குழு. முதல் பாட்டில் இரண்டு நிமிடத்துக்குக் கிதார் மட்டும் தயங்கித் தயங்கி வரும், மின்சாரம் வருமா வராதா என்று காத்திருக்கும் வீடு மாதிரி. பிறகு அந்தப் பாடகன் நுழைவான். குரல் என்று சொல்ல முடியாது, தொண்டையில் உப்புத்தாள் தேய்ப்பது போல இருக்கும். ஆனால் அவன் வாயைத் திறந்ததும் அந்த வீட்டில் விளக்கு எரியும். ஐம்பது வருடத்தில் நான் யாருக்காவது ஒரே ஒரு ராக் ஆல்பம் சொல்ல வேண்டியிருந்தால் அதைத்தான் சொன்னேன். கேட்டவர்கள் ஏழு பேர்.

சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. "ஸ்பீக்கர் எடுக்கட்டுமா?" என்றேன், ஒரு நப்பாசையில்.

"வேண்டாம் சார். விதி நான் போட்டது. நானே மீறினா நாளைக்கு யாரைக் கேக்க முடியும்?"

பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். ஆம்ப்ளிஃபையரில் ஒரு ஹெட்ஃபோனுக்குத்தான் துளை. எனவே அவர் கேட்டதை நான் கேட்கவில்லை. ஊசி ரெக்கார்டில் உரசும் கொசுச் சத்தம் மட்டும் எனக்கு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது நிமிடம் தாண்டியது. பாடகன் நுழையும் இடம். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

முடிந்ததும் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'எண் 63. வாத்தியம் நன்று. பாட்டு இல்லை.'

"பாட்டு இல்லையா?"

"எங்கியோ தூரத்துல யாரோ கூப்பிடற மாதிரி ஒரு தடவை வந்துச்சு. மத்தபடி இல்லை. நல்லாதான் இருக்கு சார், நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

நினைத்துக்கொண்டேன். அவர் போனபின் என் மனைவியிடம் சொன்னேன், "தூங்கிட்டாரு மனுஷன்."

"கண்ணைத் திறந்துகிட்டு தூங்கினாரா? நீங்கதான் அவர் மூஞ்சியை முழுங்கற மாதிரி பாத்துகிட்டிருந்தீங்களே."

மறுநாள் எண் 118. இரண்டு பேர், இரண்டு கிதார், வேறெதுவும் கிடையாது. நாட்டுப்புறப் பாடல்களை அவர்கள் ஊர்க் குளிரோடு சேர்த்துப் பாடியிருப்பார்கள். ஒருவன் வரியைத் தொடங்குவான், மற்றவன் அதன் கீழே வந்து தோள் கொடுப்பான். சில வரிகளில் ஒருவன் நிறுத்த, மற்றவன் எடுப்பான். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருப்பதுபோல ஒரு விறைப்பு கடைசிவரை இருக்கும். அதைக் கேட்டுவிட்டு அவர் எழுதியது: 'ஒரே ஆள். சோகமாகப் பாடுகிறார். நடுநடுவே நிறுத்தி யாருக்கோ காத்திருக்கிறார். மிக நன்று.'

ஒரே ஆள்! திருத்தாமல் இருக்க நிறையச் சிரமப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை எண் 9. குடித்துவிட்டு ஊர் திரும்பும் வண்டி மாதிரித் தள்ளாடி ஓடும் ராக், நடுவில் ஒரு பெண் புல்லாங்குழல் வாசித்து அதை நேராக்குவாள். அவர் எழுதியது: 'மேளம் மட்டும். கல்யாணத்தில் மேளக்காரர் பக்கத்தில் இடம் கிடைத்தது போல.' புதன், எண் 140: 'பாதியில் பாட்டு நின்று வெறும் இரைச்சல் ஓடுகிறது. ரெக்கார்டு பழுதா?' பழுது இல்லை. ஒவ்வொன்றையும் முந்தின நாள் நானே இரண்டு காதிலும் கேட்டுச் சரிபார்த்துத்தான் எடுத்துவைத்தேன்.

வியாழக்கிழமை எண் 77. இதை நான் பட்டியலை நிரப்ப வைத்தது. ஒரு வயதான பெண், ஒரே ஒரு மைக் முன்னால், ஒரு மலைக்கிராமத்து வேலைப்பாட்டுகளைக் கைதட்டிப் பாடுகிறாள். பதிவு மிகப் பழையது, மோனோ, நாற்காலி கிறீச்சிடுவது வரை கேட்கும். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது. 'இது முழுதாக இருக்கிறது' என்று எழுதி, 'முழுதாக' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

எனக்கு வந்தது சந்தோஷமில்லை, எரிச்சல். என் நூற்று நாற்பத்து மூன்றில் நூறாவது இடத்தில்கூட வராத ரெக்கார்டு அது.

சனிக்கிழமை வெடித்தது. எண் 31 முடிந்ததும் நோட்டில் 'பாட்டு இல்லை' என்று மறுபடி எழுதினார். என் குரல் உயர்ந்துவிட்டது.

"சார், அதுல பாட்டைத் தவிர வேற ஒண்ணுமே இல்லை. மூணு பேர் தொண்டை கிழியப் பாடறாங்க. நீங்க என்ன கேக்கறீங்க, எனக்குப் புரியலை."

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது. முப்பத்தொரு தடவை மெசேஜ் போட்டவனாச்சேன்னு மட்டமானதா பாத்துப் பாத்து எடுத்து வெக்கறீங்களா?"

"முப்பத்தொண்ணுன்னு உங்களுக்கும் தெரியுமா?"

"போன்ல இருக்கே சார். நேத்து பாத்தேன். பாக்க நல்லா இல்லை." நோட்டை மூடினார். "எதுக்கு அத்தனை தடவை போட்டேன்னு உங்களுக்குச் சொல்லவே இல்லை. ஒரு காதுக்காரனுக்குப் பின்னாடி சத்தம் ஓடினா முன்னாடி பேசறவங்க பேச்சு புரியாது. உங்க டிரம் அடிக்கறப்ப என் பொண்ணு என்ன பேசறான்னு தெரியாம ஆமாம் ஆமாம்னு தலையாட்டிகிட்டு இருந்தேன். காது இல்லைன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. சத்தம்னு சொல்றது சுலபம்."

படியிறங்கிப் போய்விட்டார். நாளைக்கு வருவாரா என்று தெரியவில்லை. என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "நிஜமா மட்டமானதா குடுத்தீங்களா?"

"நீயுமா?"

"கேட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. எங்க அண்ணனுக்கு மாம்பழம் பொறுக்கிக் குடுத்தீங்களே, அந்த மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். எண் 54-ஐப் பேசாமல் கேட்டார். 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். எட்டு நாள் முடிந்தது. மீதம் மூன்று.

அவர் போனதும் எண் 63-ஐ எடுத்து நானே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிதார் தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது நிமிடம். பாடகன் நுழைந்தான். அதே உப்புத்தாள், அதே விளக்கு. எங்கே போய்விட்டது இவருக்கு? அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளேயிருந்து ஏதோ கூப்பிட்டாள். என்னவென்று கேட்க இடது காதிலிருந்து மட்டும் ஹெட்ஃபோனைத் தூக்கினேன்.

பாடகன் காணாமல் போனான்.

கிதார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப மாட்டினேன், பாடகன் வந்தான். தூக்கினேன், போனான். என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, "என்ன, கொசு அடிக்கறீங்களா?" என்றாள்.

விஷயம் இதுதான். ஸ்டீரியோ ரெக்கார்டில் இரண்டு வழி உண்டு, இடம், வலம். அது புதிதாக வந்த காலத்தில் பதிவு செய்தவர்கள் அந்தப் புதுமையைக் காட்டவேண்டும் என்று பாடகனை ஒரு பக்கமும் மேளத்தை இன்னொரு பக்கமும் தள்ளிவைத்தார்கள். இரண்டு காது உள்ளவனுக்கு அது மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஸ்பீக்கரில் போட்டால் அறைக்குள் சேர்ந்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு காதுக்காரனுக்கு எங்கேயும் சேராது. அவருக்கு வலது காது மட்டும். எண் 63-இல் பாடகன் இடது பக்கம். எண் 118-இல் அண்ணன் இடது பக்கம், தம்பி வலது பக்கம். அவர் தம்பியை மட்டும் கேட்டிருக்கிறார். தம்பி நிறுத்தி அண்ணன் பாடும் இடங்களில் அவருக்கு வெறும் காத்திருப்பு. எண் 77 மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றே. அது மட்டும்தான் அவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

நாட்களை எண்ணினேன், நிமிடங்களை எண்ணினேன், ரெக்கார்டுகளை எண்ணினேன். காதை எண்ணவில்லை.

செருப்புப் போடாமல் கீழே ஓடினேன். அவர் மகள் கதவைத் திறந்தாள். அவரை உட்காரவைத்து, அவருடைய வலது பக்கம் நின்று, முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப எட்டு நாளும்?" என்றார்.

"ஏழு நாள். எண் 77 தவிர."

"தரை வழியா பாதி கேட்டேன். மேல வந்தும் பாதிதான் கேட்டிருக்கேன்." கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "சரி. மூணு நாள் இருக்கே. என்ன செய்யலாம்?"

முடிச்சூரில் மூழ்கிய என் பழைய ஆம்ப்ளிஃபையரில் இரண்டு வழியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தான் இருந்தது. அதன்பின் வாங்கிய சின்னதில் இல்லை. தேவைப்படாது என்று நினைத்து வாங்கியது. ஸ்பீக்கர் என்று நான் வாயெடுத்ததும் கையை ஆட்டினார். "வேண்டாம். வேற வழி இருந்தா பாருங்க."

திங்கள் காலை ஒன்பதரைக்கே மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். கடை பத்தேகாலுக்குத்தான் திறந்தது.

"ஸ்டீரியோவ மோனோ ஆக்கணுமா? எல்லாரும் ரெண்டு ஸ்பீக்கர நாலாக்கு, நால ஆறாக்குன்னு வந்துகினு கீறாங்க. நீ இன்னா சார், ரிவர்ஸ்ல போற?"

விவரம் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு உடனே சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். ஹெட்ஃபோனுக்கும் துளைக்கும் நடுவே மாட்ட ஒரு சின்ன ஒயர், இரண்டு வழியையும் சேர்த்துப் பற்றவைத்தது. "சார், ஒண்ணு சொல்றேன். சில ஆம்பு இத்தத் தாங்கும், சிலது தாங்காது. வூட்டுல வெச்சு கருகிப் போச்சுன்னா எம்மேல பேஜார் பண்ணாத."

பத்தரைக்குப் பேருந்தில் ஏறினேன். இருபது நிமிட வழி. அன்று முகூர்த்த நாள் என்பதை நான் காலண்டரில் பார்க்கவில்லை. ஜி.எஸ்.டி. சாலை முழுக்கக் கல்யாண வேன்கள். பெருங்களத்தூர் சந்திப்புக்கு முன்னால் பேருந்து நின்றது நின்றதுதான். பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு மணிக்கு அவர் மகளிடமிருந்து செய்தி வந்தது: 'அப்பா உங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டே முக்காலுக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.' ஒன்று பத்துக்குப் படியேறினேன். காலி நாற்காலி மட்டும் இருந்தது.

மீதம் இரண்டு.

செவ்வாய் பதினோரு மணி. ஒயரை மாட்டினேன். எண் 63-ஐச் சுழலவிட்டேன். கிதார் வந்ததும் தலையாட்டினார். முதல் நிமிடம். ஒன்றரை. "வருவாரா?" என்றார். "வருவார், வருவார்" என்றேன். பாடகன் நுழைய இன்னும் பத்து விநாடி இருக்கும்போது ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பிடுங்கி நேரடியாக மாட்டிப் பார்த்தேன். ஹெட்ஃபோன் துளை செத்துவிட்டது. மெக்கானிக் சொன்னதுதான் நடந்தது, அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ரெக்கார்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஸ்பீக்கர் பெட்டியை எடுங்க" என்றார்.

"விதி?"

"எடுங்க சார். செயலாளர் நான்தானே. வியாழக்கிழமைக்கு மேல நான் யார் சொல்றதையும் கேக்கப்போறதில்லை."

என் மனைவி சிரித்துவிட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் சிரித்தார். நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். போர்வையைப் பிரித்தால் ஒரு ஸ்பீக்கரின் ஒயரை எலி துண்டாக்கியிருந்தது. புது ஒயர் வாங்கி, முனை சீவி, இரண்டையும் இணைத்து முடிக்க மாலை ஆறாகிவிட்டது. அவர் உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டு மாத்திரை போட்டுப் படுக்க வேண்டிய நேரம்.

மீதம் ஒன்று. ஒரு நாள், ஒரு ரெக்கார்டு.

புதன்கிழமை பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருந்தேன், வலது காது அறையைப் பார்க்கும்படி. எண் 63-ஐ உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

"அது வேண்டாம்" என்றார். "118 போடுங்க."

"சார், ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. 63-தான் இதுல உச்சம். நீங்க அந்தக் குரலை இன்னும் கேக்கவே இல்லை."

"கேக்காத குரல் கேக்காததாவே இருக்கட்டும். அந்த 118-ல ஒருத்தன் காத்துகிட்டு இருக்கானே, யாருக்குன்னு தெரியணும்."

118 போட்டேன். ஊசி ஒருமுறை தவறி விழுந்தது. அறை முழுக்கக் கிதார் நிறைந்தது. இரண்டு வருடமாக இந்தச் சுவர்கள் கேட்காத சத்தம். தம்பி முதல் வரியைத் தொடங்கினான். அவர் உதடு கூடவே அசைந்தது, ஒன்பது நாளுக்குமுன் ஒரே ஒருமுறை கேட்டது. தம்பி நிறுத்தினான். அவர் நிறுத்தினார். அண்ணன் எடுத்தான்.

அவர் சடாரென்று தலையைத் திருப்பினார், அறைக்குள் யாரோ வந்துவிட்ட மாதிரி.

"இன்னொருத்தர் இருக்காரு" என்றார்.

"இருக்காரு."

அவருடைய போன் ஸ்டூலின்மேல் அதிர்ந்தது. மூன்றாம் மாடி. நின்றது, மறுபடி அதிர்ந்தது. முதல் மாடி எதிர்வீடு. போனை எடுத்துக் கவிழ்த்துவைத்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் வாட்ச்மேன் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். என் மனைவி தடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, மூணாவது மாடிம்மா கத்திகினு கீது. செக்ரட்டரி சார் போன எடுக்க மாட்றாராம். அவருகிட்ட கம்ப்ளெய்ண்ட் பண்ணணுமாம். எங்க கீறாரு அவுரு?"

"உள்ளதான் இருக்கார். சொல்லிப் பாருங்க."

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். செயலாளர் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "அட, கேஸே இங்கதான் கீதா" என்று சொல்லிவிட்டு, நாலைந்து விநாடி அவரும் நின்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நாற்பத்தோரு நிமிடம். இரண்டாம் பக்கம் முடிந்து ஊசி உரசிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். நான் ஊசியைத் தூக்கினேன்.

"அண்ணன் நல்லாதான் பாடறார். ஆனா என் ஆளு இன்னும் நல்லா பாடறான்" என்றார். "காத்திருந்ததுக்கு ஆள் வந்துட்டாரு. அது போதும்."

நோட்டில் எதுவும் எழுதவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "அந்த 63-ல பாட்டு உண்டுன்னு நீங்க சொல்றதை நம்பறேன்" என்றார்.

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கு அவர்கள் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கட்டைப் பிரிக்கப் பதினெட்டு நாள் ஆனது. காது தங்கவில்லை. முழுக்கப் போகவும் இல்லை. பேச்சு கேட்காது, போன் கேட்காது, அழைப்புமணி கேட்காது. கனமான சத்தம் மட்டும் ஏதோ கொஞ்சம் உடம்பு வழியாகத் தெரிகிறது என்று மகள் சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். அவரிடம் எழுதிக் காட்டிப் பேசினோம். பத்து நிமிடத்துக்குமேல் இருவருக்கும் முடியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எண் 63-ஐ ஸ்பீக்கரில் போட்டேன். யார் புகார் செய்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளும் நிலைமையில் செயலாளர் இல்லை என்பது ஒரு காரணம், வெட்கத்தோடு சொல்கிறேன். கிதார், பிறகு பாடகன், பிறகு மேளக்காரன். மூன்றாவது பாட்டில் போன் ஒலித்தது. அவரிடமிருந்து முப்பத்திரண்டாவது செய்தி.

'டிரம் கேட்கிறது. கூட்டவும்.'

கூட்டினேன். மூன்றாம் மாடியிலிருந்து தடதடவென்று யாரோ இறங்கிவரும் சத்தம் கேட்டது. விதியை மாற்ற எத்தனை கை வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறக்கப் போனேன். பதினாறில் ஒன்பது. அவருடையதோடு சேர்த்து இரண்டு இருக்கிறது.